உங்களுக்குத் தெரியுமா? ஒரு கல்லீரல், இரண்டு உயிர்!

வடுகபட்டியில் தொடங்கி கம்பம் பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கும் லோயர்கேம்ப் வரை எந்த ஊரிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்: "ஈரல் கெட்டுப்போச்சுன்னு மதுரைக்குக் கொண்டுபோயிருக்காங்க." முன்பெல்லாம் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும். இன்று அதற்குப் பிறகும் வழி இருக்கிறது. கெட்ட கல்லீரலை எடுத்துவிட்டு நல்ல கல்லீரலைப் பொருத்தும் வழி அது. அறுபது ஆண்டுகளாகக் கேள்வி கேட்டு, தோற்று, மறுபடி கேட்டு அந்த வழியைப் போட்ட அறுவை மருத்துவர்களில் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் உண்டு. இந்த வாரத் துணுக்குகள் அவரையும் அந்த வழியையும் பற்றியவை.

1. கிளியனூரிலிருந்து லண்டனுக்கு

டாக்டர் முகமது ரேலாவின் சொந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கத்துக் கிளியனூர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், 1980-களில் மேற்படிப்புக்காகப் பிரிட்டன் போனார். 1990-களின் தொடக்கத்தில் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையின் கல்லீரல் மாற்றுக் குழுவில் சேர்ந்தார். அவரும் அவருடைய குழுவினரும் செய்த கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைகள் 5,000-ஐத் தாண்டும். எண்ணிக்கையைவிடப் பெரியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கடினமான நோயாளியிடமிருந்தும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கான விடையை ஆய்வுக் கட்டுரையாக உலகத்துக்குக் கொடுத்ததுதான் அவருடைய சாதனை.

2. வயது: ஐந்து நாள்

1997-ல் பிறந்து ஐந்தே நாளான ஓர் அயர்லாந்துப் பெண் குழந்தைக்குக் கிங்ஸ் மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்தார் ரேலா. அதுவரை அவ்வளவு சின்ன உயிருக்கு யாரும் செய்ததில்லை. கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் அது பதிவானது. குழந்தை பிழைத்தது, வளர்ந்து பெரியவளும் ஆனாள். கையளவு வயிற்றுக்குள் எந்தக் கல்லீரலை வைப்பது? அதற்கான விடை, கல்லீரலைத் துண்டாகப் பிரிக்கும் கலையில் இருக்கிறது.

3. பூண்டும் பற்களும்

கொடைக்கானல் மலையிலிருந்து வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும் பூண்டை ஒன்று உரித்துப் பாருங்கள். மேலே பார்த்தால் ஒரே உருண்டை. உள்ளே ஒவ்வொரு பல்லும் தனி. பிரித்து நட்டால் தனியாகவே முளைக்கும். கல்லீரலும் அப்படித்தான். வெளியே ஒரே உறுப்பாகத் தெரிந்தாலும், உள்ளே எட்டுப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ரத்தம் கொண்டுவரும் கிளைகள் தனி, பித்தம் போகும் நாளம் தனி. 1957-ல் பிரெஞ்சு மருத்துவர் குளோட் குயினோ இந்த எட்டையும் வரைந்து காட்டினார். பல்லுக்குப் பல் பூண்டில் கண்ணுக்குத் தெரிகிற கோடு கல்லீரலில் தெரியாது. குயினோ போட்ட வரைபடத்தை மனதில் வைத்துத்தான் இன்றும் கத்தி இறங்குகிறது.

4. ஒன்றை இரண்டாக்கினால்

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கல்லீரலை முழுசாக ஒருவருக்கே வைத்தால் ஓர் உயிர்தான் பிழைக்கும். இடது பக்கத்துச் சிறு பகுதியைக் குழந்தைக்கும், மீதியைப் பெரியவருக்கும் கொடுத்தால்? 1988-ல் ஜெர்மனியின் ஹனோவரில் ருடால்ஃப் பிக்ல்மயர் இதைச் செய்து காட்டினார். ஆனால் தொடக்க கால முடிவுகள் தெம்பு தரவில்லை. பித்தம் கசிந்தது, ரத்தக்குழாய் அடைத்தது. பலர் தயங்கி நின்ற அந்த முறையைக் கிங்ஸ் மருத்துவமனையில் ரேலாவும் குழுவினரும் விடாமல் செய்து, 1998-ல் தங்கள் அனுபவத்தை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். யாருடைய கல்லீரலைப் பிரிக்கலாம், எங்கே வெட்டலாம் என்பதெல்லாம் தெளிவான பிறகு, குழந்தைகள் கல்லீரலுக்காகக் காத்திருந்து இறப்பது வெகுவாகக் குறைந்தது.

5. முதல் முயற்சி

1963 மார்ச் 1, அமெரிக்காவின் டென்வர் நகரம். பிறவியிலேயே பித்த நாளம் இல்லாத மூன்று வயதுச் சிறுவனுக்கு டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸில் உலகின் முதல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார். ரத்தப்போக்கை நிறுத்த முடியவில்லை. சிறுவன் மேசையிலேயே இறந்தான். அடுத்து வந்தவர்களும் சில நாட்களில், சில வாரங்களில் இறந்தார்கள். ஸ்டார்ஸில் அறுவையை நிறுத்தினார். ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, உடல் ஏன் புதிய கல்லீரலை ஏற்க மறுக்கிறது என்பதையே மூன்று ஆண்டுகளுக்கு மேல் துருவினார். 1967 ஜூலையில் அவர் அறுவை செய்த ஒரு பெண் குழந்தைதான் ஓராண்டைத் தாண்டி வாழ்ந்த முதல் ஆள்.

6. எழுதி வைத்த தோல்விகள்

ஸ்டார்ஸில் வாழ்நாளில் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் 2,000-க்கும் மேல். வெற்றியை மட்டும் எழுதியிருந்தால் அத்தனை வந்திருக்காது. யார் எதனால் இறந்தார் என்பதை ஒளிக்காமல் எழுதினார். ஒவ்வோர் அறுவைக்கு முன்பும் தன்னைப் பயம் பிடித்து ஆட்டியதையும் தன் வரலாற்று நூலில் சொல்லியிருக்கிறார். 2017-ல் அவர் மறைந்தார். இன்று எந்த ஊர் மருத்துவமனையில் கல்லீரல் மாற்று நடந்தாலும் அவர் எழுதி வைத்த ஏதோ ஒரு பக்கம் அங்கே வேலை செய்துகொண்டிருக்கும்.

7. மண்ணிலிருந்து வந்த மாத்திரை

அடுத்தவர் உறுப்பை உடல் எதிரியாகத்தான் பார்க்கும், தாக்கும். அந்தத் தாக்குதலை அடக்கும் இரண்டு பெரிய மருந்துகளும் மண்ணில் கிடைத்தவை. நார்வே நாட்டின் மேட்டு நிலத்து மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்து வந்தது சைக்ளோஸ்போரின். ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து 1984-ல் வந்தது டாக்ரோலிமஸ். முன்னதை உறுப்பு மாற்றத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ராய் கேல்ன். பின்னதை 1989-ல் முதலில் நோயாளிகளுக்குக் கொடுத்தவர் ஸ்டார்ஸில். சைக்ளோஸ்போரின் வந்த பிறகுதான் கல்லீரல் மாற்று என்பது சோதனை நிலையைத் தாண்டி முறையான சிகிச்சை ஆனது.

8. தூரிகை பிடித்த கை

1968-ல் ஐரோப்பாவில் கல்லீரல் மாற்றைத் தொடங்கி வைத்தவர் அதே ராய் கேல்ன். 1988-ல் ஸ்காட்லாந்து ஓவியர் ஜான் பெல்லனிக்கு அவர் கல்லீரல் மாற்று செய்தார். பிழைத்தெழுந்த ஓவியர் தன் மருத்துவருக்கு வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுத்தார். தன் நோயாளிகளையும் அவர்களின் அறுவை அனுபவத்தையும் கேல்ன் பிறகு நிறைய வரைந்தார். 2012-ல் கேல்னுக்கும் ஸ்டார்ஸிலுக்கும் சேர்த்து லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

9. நேரத்தை நீட்டிய திரவம்

உடலை விட்டு வெளியே எடுத்த கல்லீரல் எவ்வளவு நேரம் தாங்கும்? 1980-களின் நடுப்பகுதி வரை ஆறிலிருந்து எட்டு மணி நேரம்தான். அதனால் நள்ளிரவிலும் ஓட்டம்தான். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சவுதார்டும் உருவாக்கிய குளிர் திரவம் 1987-ல் வந்ததும், பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் பதற்றமின்றி வேலை செய்ய முடிந்தது. கல்லீரலை வெளியே வைத்து இரண்டாகப் பிரிப்பதற்கான அவகாசமும் அதில்தான் கிடைத்தது. இப்போது அடுத்த படியும் வந்துவிட்டது. எடுத்த கல்லீரலுக்கு உடல் வெப்பத்திலேயே ரத்தம் செலுத்தி உயிர்ப்போடு வைத்திருக்கும் கருவியை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். அப்படிக் காத்த கல்லீரல் முதன்முதலில் 2013-ல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட இடம், கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை.

10. தாய் கொடுத்த பங்கு

இறந்தவரிடமிருந்துதான் எடுக்க வேண்டுமா? 1988-ல் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் உயிரோடு இருப்பவரிடமிருந்து எடுத்துக் குழந்தைக்கு வைத்துப் பார்த்தார்கள். குழந்தை பிழைக்கவில்லை. 1989 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் டாக்டர் ரஸ்ஸல் ஸ்ட்ராங், ஒரு ஜப்பானியத் தாயின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து அவருடைய மகனுக்குப் பொருத்தினார். அதுதான் உலகின் முதல் வெற்றி. மூளைச்சாவு தானம் அரிதாக இருக்கும் ஆசிய நாடுகளுக்கு இதுவே பெரிய வாசலைத் திறந்தது. இந்தியாவில் இன்று நடக்கும் கல்லீரல் மாற்றுகளில் பெரும்பாலானவை இப்படி வீட்டாரே கொடுப்பவைதான்.

11. வெட்டினாலும் வளரும்

ஆரோக்கியமான ஒருவர் தன் கல்லீரலில் 60 சதவீதத்துக்கு மேலேயே கொடுக்கலாம். மிச்சம் இருப்பது 30 முதல் 35 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது கணக்கு. இரண்டு மூன்று மாதங்களில் கொடுத்தவரின் கல்லீரலும் பெற்றவரின் கல்லீரலும் ஏறக்குறையப் பழைய அளவை எட்டிவிடும். வெட்டிய துண்டு அதே வடிவத்தில் மறுபடி முளைப்பதில்லை. மிச்சம் இருக்கும் பகுதி பருத்து வேலையை ஏற்றுக்கொள்கிறது. அதனால்தான் ஒருமுறை கொடுத்தவர் மறுமுறை கொடுக்க முடியாது. எவ்வளவு வைக்க வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. பெறுபவரின் உடல் எடையில் ஏறத்தாழ 0.8 சதவீதமாவது வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவான துண்டு.

12. நடந்து நடந்து தகுதி பெறுவார்கள்

கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தால் தானம் கொடுக்க முடியாது. பிள்ளைக்குக் கொடுக்க வந்த தகப்பனை, "முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று டாக்டர்கள் திருப்பி அனுப்புவது உண்டு. நடையும் உணவுக் கட்டுப்பாடுமாகச் சில வாரங்கள் இருந்தாலே கொழுப்பு குறைந்து, மறுபடி ஸ்கேன் எடுக்கும்போது தேறிவிடுபவர்கள் இருக்கிறார்கள். கொழுப்புக் கல்லீரல் என்று ஸ்கேனில் எழுதி வந்தால் அலட்சியமாக மடித்து வைக்காதீர்கள். திருத்திக்கொள்ள முடிகிற காலம் அதுதான்.

13. கொடுப்பவருக்கும் ஆபத்து உண்டு

இதை மறைக்கக் கூடாது. வலது பக்கத்துப் பெரும்பகுதியைக் கொடுப்பவருக்கு உயிராபத்து 200-ல் ஒருவருக்கு என்பதிலிருந்து 500-ல் ஒருவருக்கு என்பது வரை கணக்கிடப்படுகிறது. குழந்தைக்காக இடது பக்கச் சிறு துண்டைக் கொடுப்பதில் ஆபத்து இன்னும் குறைவு. நோயே இல்லாத ஒருவரின் வயிற்றைத் திறப்பதால்தான் கல்லீரல் மாற்று டாக்டர்கள் கொடையாளரின் பாதுகாப்பை முதல் விதியாக வைக்கிறார்கள். கொடுக்க வந்தவர் கடைசி நிமிடத்திலும் "வேண்டாம்" என்று சொல்லலாம். அவரை யாரும் வற்புறுத்தக் கூடாது.

14. கொடுப்பது யார், பெறுவது யார்?

இந்தியாவில் உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள். அம்மா, மனைவி, அக்கா என்று வீட்டுப் பெண்களே முன்னால் நிற்கிறார்கள். அது அவர்களின் பாசம். ஆனால் அதே பெண்ணுக்குக் கல்லீரல் கெட்டால் வீட்டு ஆண்கள் அதே வேகத்தில் முன்வர வேண்டும். இதை ஒவ்வொரு வீடும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

15. சொந்தக் கல்லீரலுக்கு ஒரு வாய்ப்பு

ரேலாவின் ஆராய்ச்சியில் என் மனதை மிகவும் தொட்டது இது. விஷத்தாலோ வைரஸாலோ ஒரு குழந்தையின் கல்லீரல் திடீரென்று நின்றுபோகிறது. முழுவதையும் எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் குழந்தை பிழைக்கும். ஆனால் ஆயுள் முழுக்க மாத்திரை. தொற்றுப் பயமும் சிறுநீரகப் பயமும் கூடவே வரும். அந்தக் கல்லீரலுக்கோ கொஞ்சம் அவகாசம் கிடைத்தால் தானே மீண்டு வளரும் சக்தி இருக்கிறது. அவகாசம்தான் இல்லை.

அந்த அவகாசத்தை வாங்கிக் கொடுப்பதுதான் துணைக் கல்லீரல் மாற்று. குழந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தானக் கல்லீரல் துண்டை வைக்கிறார்கள். வந்தது வேலை செய்ய, பழையது ஓய்வெடுத்து வளர்கிறது. மாதங்கள் போக, ஸ்கேனில் பழையது தேறிவிட்டது தெரிந்ததும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். வந்தது சுருங்கி ஒதுங்கிவிடும். குழந்தை தன் சொந்தக் கல்லீரலோடு, மாத்திரை இல்லாமல் வளரும்.

கடினமான அறுவை என்று உலகில் பல இடங்களில் இதைக் கைவிட்டார்கள். கிங்ஸ் குழு தொடர்ந்து செய்தது. அங்கே இப்படிப் பிழைத்த குழந்தைகளில் பலருக்கு மாத்திரையை முழுவதும் நிறுத்த முடிந்ததை ஆய்வுகளாகவும் வெளியிட்டது. ரேலா அந்த அனுபவத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்.

16. இரண்டு குறை சேர்ந்தால் ஒரு நிறை

சில குழந்தைகளுக்குக் கல்லீரல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் பிறவியிலேயே ஒரே ஒரு நொதி இல்லாததால் உயிருக்கு ஆபத்து. ஒரு குழந்தைக்கு ஒரு நொதி இல்லை, இன்னொரு குழந்தைக்கு வேறொரு நொதி இல்லை. இரண்டு கல்லீரலையும் ஒரே உடம்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? இதில் இல்லாததை அது தரும், அதில் இல்லாததை இது தரும்.

சென்னையில் ரேலாவின் குழு இதைச் செய்தே காட்டியது. ஒரு குழந்தையின் குறையுள்ள கல்லீரலில் ஒரு பகுதி, வேறு குறையுள்ள இன்னொரு குழந்தையின் சொந்தக் கல்லீரலோடு சேர்த்துப் பொருத்தப்பட்டது. உடல் இயல்பாக வேலை செய்தது. 2015-ல் கல்லீரல் மாற்றுத் துறையின் சர்வதேச இதழில் இது வெளியானது. வேண்டாம் என்று கழித்துவிடும் கல்லீரலும் இன்னொரு குழந்தைக்கு உயிர் கொடுக்கும் என்று உலகத்துக்குச் சொன்ன ஊர்களில் நம் சென்னையும் ஒன்று.

17. அறுக்காமல் இருப்பதும் அறிவுதான்

திடீரென்று கல்லீரல் செயலிழந்தவர்களில் சிலர் மருந்திலேயே மீண்டுவிடுவார்கள். சிலருக்கு மாற்றாவிட்டால் மரணம். முன்கூட்டியே எப்படிப் பிரித்துச் சொல்வது? ரோஜர் வில்லியம்ஸ் தொடங்கிய கிங்ஸ் கல்லீரல் பிரிவு, நூற்றுக்கணக்கான நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 1989-ல் சில அளவுகோல்களை வெளியிட்டது. ரத்தம் உறைய எடுக்கும் நேரம், வயது, காமாலை வந்து எத்தனை நாளில் மயக்கம் வந்தது போன்றவைதான் அதில் உள்ளவை. "கிங்ஸ் அளவுகோல்" என்ற பெயரில் இன்றும் உலகெங்கும், நம் ஊர் ஐ.சி.யு.க்களிலும் அதைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள்.

18. பச்சைக் குழந்தையின் மலம் என்ன நிறம்?

பிறந்த குழந்தைக்கு லேசான மஞ்சள் வருவது சாதாரணம். ஆனால் 14 நாள் தாண்டியும் மஞ்சள் போகவில்லை, மலம் வெளுத்து வெள்ளையாகவோ களிமண் நிறத்திலோ போகிறது என்றால், "வெயிலில் காட்டினால் சரியாகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள். அது பித்த நாளம் அடைபட்ட பிறவி நோயாக இருக்கலாம். குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று தேவைப்பட உலகெங்கும் முதல் காரணம் இதுதான். 1959-ல் ஜப்பானின் மோரியோ கசாய் கண்ட அறுவையை 60 நாளுக்குள் செய்தால் பல குழந்தைகளுக்குத் தங்கள் கல்லீரலே மேலும் பல ஆண்டுகள் கைகொடுக்கும். தைவான் அரசு 2004-ல் பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் மலத்தின் நிறம் காட்டும் அட்டையைக் கொடுக்கத் தொடங்கி, நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தது. நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு அட்டை வேண்டாம். இந்த ஒரு செய்தி தெரிந்தால் போதும்.

19. கீழாநெல்லியின் கதை

மஞ்சள் காமாலை என்றதும் நம் பக்கம் கீழாநெல்லியைத்தான் தேடுவார்கள். அதை ஆய்வுக்கு எடுத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன். கல்லீரல் அழற்சி பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் அவரோடு சேர்ந்தார். 1988-ல் 'லான்செட்' இதழில் வெளியான அவர்களின் ஆய்வு, கீழாநெல்லி கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்ததாகச் சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அறிவியல் அப்படித்தான். ஓர் ஆய்வோடு முடிவு கட்டாது. காமாலையோடு தூக்கக் கலக்கம், பிதற்றல், வயிறு வீக்கம், ரத்த வாந்தி எது இருந்தாலும் நாட்டு மருந்துக்குப் போய் நாளைக் கடத்தாமல் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே போய்விடுங்கள். கல்லீரல் அழற்சி பி-க்குப் பிறந்த உடனே போடும் தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம்.

20. எலி பேஸ்ட் என்னும் எமன்

தமிழ்நாட்டில் திடீர்க் கல்லீரல் செயலிழப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, எலிக்கு வைக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட். இதற்கு முறிவு மருந்து கிடையாது. வயிற்றுக்குள் போனவருக்கு ஓரிரு நாள் எதுவும் இல்லாதது போலத் தோன்றும். "சரியாகிவிட்டது" என்று வீட்டார் நினைக்கும்போதுதான் கல்லீரல் சரியும். வேலூர் சி.எம்.சி. உள்ளிட்ட மருத்துவமனைகள் ரத்தத் திரவத்தை மாற்றும் சிகிச்சையால் சிலரைக் காப்பாற்றி, அதைப் பற்றி ஆய்வும் செய்திருக்கின்றன. கடைசி வழி கல்லீரல் மாற்றுதான். பற்பசைக் குழாய் போலவே இருக்கும் இதைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், முடிந்தால் வாங்கவே வாங்காதீர்கள். யாராவது தொட்டுத் தின்றது தெரிந்தால் நன்றாக இருந்தாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மனம் நொந்து தவிப்பவர்கள் 104 அல்லது 14416 எண்ணுக்குப் பேசலாம். கேட்க ஆள் இருக்கிறார்கள்.

21. காஞ்சிபுரத்துக் குழந்தை

1998 நவம்பரில் டெல்லி அப்போலோ மருத்துவமனையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று நடந்தது. குழந்தை, நம் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஆண் பிள்ளை. இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பித்த நாளம் இல்லாமல் பிறந்தவன். கல்லீரலில் ஒரு பங்கைக் கொடுத்தவர் அவனுடைய அப்பா. அந்தக் குழந்தை பிறகு மருத்துவம் படித்து டாக்டராகவே ஆகிவிட்டார்!

22. அரசு மருத்துவமனையிலும் முடியும்

ரேலா படித்த அதே ஸ்டான்லியில், டாக்டர் ஆர். சுரேந்திரன் தலைமையிலான குழு 2009-ல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனை இதைச் செய்தது அதுவே முதல் முறை. பல லட்சம் ரூபாய் செலவாகும் சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த பிறகு கூலி வேலை செய்பவரின் வீட்டுக்கும் எட்டியது. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்துப் பதிந்துகொள்வது நல்லது.

23. மூளைச்சாவு வேறு, கோமா வேறு

கோமாவில் இருப்பவர் மீளக்கூடும். மூளைச்சாவு அடைந்தவர் மீளவே மாட்டார். இயந்திரம் நிற்கும்வரைதான் இதயத் துடிப்பு. இதை ஒரே டாக்டர் முடிவு செய்துவிட முடியாது. 1994-ம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும். "உறுப்புக்காக உயிரோடு கொன்றுவிடுவார்கள்" என்ற பயத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. ஒருவர் தானம் செய்தால் எட்டுப் பேர் வரை வாழ முடியும். கல்லீரலைப் பிரித்தால் அந்தக் கணக்கில் இன்னும் ஒருவர் கூடுவார்.

24. ஒரு பிள்ளை மாற்றிய மாநிலம்

2008 செப்டம்பரில் 15 வயது ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் இருவருமே டாக்டர்கள், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்தவர்கள். மகனின் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்தார்கள். இதயத்தை ஏற்றிய வண்டிக்காகச் சென்னையின் நெரிசலான சாலைகளைப் போலீஸார் ஒழுங்கு செய்து வழிவிட்டார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் உறுப்பு தானத்தின் பேச்சே மாறியது. யாருக்கு எந்த உறுப்பு என்பதை வரிசைப்படி ஒதுக்கும் அரசு அமைப்பும் அதே ஆண்டில் வேரூன்றியது. இன்று அது 'டிரான்ஸ்டான்' என்ற ஆணையமாக வளர்ந்திருக்கிறது. பணமோ சிபாரிசோ அந்த வரிசையை மாற்றாது. செப்டம்பர் 23-ஐ உறுப்பு தான நாளாகத் தமிழ்நாடு கடைப்பிடிக்கிறது.

25. சின்னமனூர் தந்த பெருமை

2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு இனி அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழக அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே அந்த மரியாதை வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? நம் கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூர். விபத்தில் மூளைச்சாவு அடைந்த வருவாய்த் துறை ஊழியர் ஒருவரின் உறுப்புகளை அவருடைய குடும்பம் கொடுத்தது. அந்தக் குடும்பத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கே கடன்பட்டிருக்கிறது.

26. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்

ஸ்டார்ஸிலின் விடாமுயற்சி, பெல்சரின் திரவம், குயினோவின் வரைபடம், ரேலாவின் துணைக் கல்லீரல் எல்லாம் சேர்ந்து காத்திருந்தாலும், ஐ.சி.யு. வாசலில் ஒரு குடும்பம் "சரி" என்று சொல்லாவிட்டால் எதுவும் நடக்காது. நீங்கள் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த நேரத்தில் சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் உங்கள் வீட்டார்தான். அந்தத் துக்கத்தில் அவர்கள் குழம்பி நிற்கக் கூடாது. ஆகவே இன்று இரவு சாப்பிடும்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்: "எனக்கு ஏதாவது ஆகி, மூளைச்சாவு என்று டாக்டர்கள் சொல்லிவிட்டால், என் உறுப்புகளைக் கொடுத்துவிடுங்கள்."